மூத்த பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் செய்கிறார்களா? தரவில் எப்படிப் பார்ப்பது?

கேட்டவர்: புள்ளிக்கோலம்

வணக்கம் நண்பர்களே. ஒரு குடும்பக் கணக்கெடுப்புத் தரவை வைத்து வேலை செய்கிறேன். ஒவ்வொரு தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் எல்லோருடைய விவரமும் இருக்கிறது: எத்தனையாவது பிள்ளை, ஆணா பெண்ணா, பிறந்த மாதமும் ஆண்டும், உயரம், தாய்ப்பால் குடித்த மாதங்கள், படித்து முடித்த வகுப்பு. பெற்றோர் எந்தப் பிள்ளையோடு எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்ற ஒருநாள் நாட்குறிப்பும் உண்டு.

பிறப்பு வரிசைப்படி சராசரி போட்டால் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. முதல் பிள்ளைக்கு எல்லாம் கூடுதல், நாலாவதுக்கு எல்லாம் குறைச்சல். ஆனால் அதே கணக்கெடுப்பில் பெற்றோரிடம் கேட்ட இடத்தில், "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் செய்கிறோம்" என்றே பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது.

இந்த இறக்கத்தை அப்படியே நம்பலாமா? பெற்றோர் சொல்வதும் தரவு சொல்வதும் சேர்ந்தே உண்மையாக இருக்க வழி உண்டா? உலகம் முழுக்க மூத்ததுக்குத்தான் அதிகமா, இல்லை இடத்துக்கு இடம் மாறுமா?

பதில்: சல்லடை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நம்பக்கூடாது. வரிசைவாரிச் சராசரியில் குடும்பத்தின் அளவும் பிறப்பு வரிசையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நாலாவது பிள்ளை என்ற ஒன்று, நாலு பிள்ளையோ அதற்கு மேலோ உள்ள வீட்டில்தான் இருக்கும்.

சின்ன உதாரணம். இரண்டே வீடுகள். ஒன்றில் இரண்டு பிள்ளைகள், இருவரும் 14 ஆண்டு படித்தவர்கள். இன்னொன்றில் நாலு பிள்ளைகள், நால்வரும் 10 ஆண்டு. எந்த வீட்டிலும் மூத்தவர், இளையவர் என்ற பாகுபாடே கிடையாது. இப்போது வரிசைவாரியாகச் சராசரி போடுங்கள்: முதல் பிள்ளை 12, இரண்டாவது 12, மூன்றாவது 10, நாலாவது 10. இல்லாத இறக்கம் வந்துவிட்டது. உங்கள் படிக்கட்டில் எத்தனை படி இப்படி வந்தது என்பதை முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை, வரிசையாக:

ஒற்றைப் பிள்ளைகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்களை "முதல் பிள்ளை" கூட்டத்தில் விட்டால் ஒப்பீடு கெடும்.

பிறகு குடும்ப அளவுவாரியாகத் தனித்தனி அட்டவணை. இரண்டு பிள்ளை வீடுகள் தனி, மூன்று தனி, நாலு தனி. ஒவ்வொன்றுக்குள்ளும் இறக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பாதி உண்மை இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரே தாயின் பிள்ளைகளை அவர்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். அதாவது ஒவ்வொரு தாய்க்கும் ஒரு நிலைமாறிலி (அந்தத் தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவானதைக் கழித்துவிடும் எண்) போட்டு, வரிசைக்கு 2, 3, 4+ என்று தனித்தனி மாறி. வரிசையை 1, 2, 3 என்று ஒரே எண்ணாகப் போட்டு நேர்கோடு இழுக்காதீர்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் உள்ளதைப் போலவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதற்குப் பிறகுதான். ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் "பிள்ளையின் பிறந்த ஆண்டு", "பிரசவத்தின்போது தாயின் வயது", "கணக்கெடுப்பு நாளில் பிள்ளையின் வயது" மூன்றும் உண்மையில் ஒரே மாறிதான். ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் கூட்டல் கழித்தலில் வந்துவிடும். மூன்றையும் நேர்கோட்டு மாறிகளாக உள்ளே போட்டால் மென்பொருள் சத்தமில்லாமல் இரண்டைத் தூக்கி வீசும். மிச்சம் இருக்கும் ஒன்றுக்கு நீங்கள் என்ன பெயர் வைக்கிறீர்களோ அதுதான் "காரணம்" என்று அறிக்கையில் போய்விடும்! பிறப்பு வரிசையும் இதோடு ஒட்டியே நகரும். அதைப் பிரித்துக் காட்டுவது வீட்டுக்கு வீடு மாறுகிற பிறப்பு இடைவெளி ஒன்றுதான். ஆகவே இடைவெளியின் பரவல் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இரண்டு வருடம் என்றால் உங்கள் தரவு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

விளைவு மாறியிலும் கவனம் வேண்டும். "இதுவரை படித்த வகுப்பு" என்பது வயதோடு ஏறும் எண். இளையவருக்கு அது குறைவாகத்தான் இருக்கும். படிப்பை முடித்துவிட்ட வயதினரை மட்டும் எடுங்கள், அல்லது வயதுக்கு உரிய வகுப்பில் இருக்கிறாரா இல்லையா என்று மாற்றுங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் ஒப்பிட வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோல்படி, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற திட்ட மதிப்பெண்ணாக (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண்) மாற்றிக்கொள்ளுங்கள்.

தாய்வாரி நிலைமாறிலி போட முடியாத அளவுக்குத் தரவு சின்னது என்றால், ஆலிசன் பூத்தும் ஹியாவ் ஜூ கீயும் 2009-இல் பயன்படுத்திய குறியீடு கைகொடுக்கும். பிள்ளையின் வரிசையை, அந்த வீட்டின் சராசரி வரிசையால் வகுக்க வேண்டும். N பிள்ளை வீட்டில் சராசரி வரிசை (N+1)/2. இரண்டு பேரில் இரண்டாவது: 2 ÷ 1.5 = 1.33. நாலு பேரில் இரண்டாவது: 2 ÷ 2.5 = 0.8. நாலு பேரில் கடைசி: 1.6. எந்த அளவு வீட்டிலும் சராசரி 1 தான் வரும் என்பதால் குடும்ப அளவு இதற்குள் நுழையாது.

பிரித்துப் பார்த்த பிறகும் இறக்கம் நிற்குமா என்று கேட்டால், நிற்கும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. சாண்ட்ரா பிளாக், பால் டெவெரோ, ஷெல் சால்வானெஸ் மூவரும் 2005-இல் நார்வேயின் மக்கள்தொகைப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வில், பிறப்பு வரிசையை உள்ளே கொண்டுவந்ததும் படிப்பின்மேல் குடும்ப அளவின் தாக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வரிசையின் தாக்கம் மட்டும் அசையாமல் நின்றது. "பிள்ளை அதிகமானால் தரம் குறையும்" என்று பல காலம் பேசப்பட்டதில் பெரும்பங்கு வரிசையின் வேலை என்பதே அதன் பொருள்.

பதில்: மணல்கடிகாரம்

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பெற்றோர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சரிபாதி பிரித்தாலும் மொத்தக் கணக்கு சமமாக வராது.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூன்று வருட இடைவெளி. மூத்தவருக்கு 5 வயதாகும்போது இளையவருக்கு 2. பெற்றோர் அந்த நாட்களில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும் நேரம் மொத்தம் 3 மணி என்று வைப்போம். ஆளுக்கு ஒன்றரை மணி. மூன்று வருடம் கழித்து இளையவருக்கு 5, மூத்தவருக்கு 8. பிள்ளைகள் வளர வளரப் பெற்றோர் ஒதுக்கும் மொத்த நேரம் இறங்கும். இப்போது இரண்டரை மணி. ஆளுக்கு ஒன்றேகால். இரண்டு காலத்திலும் பங்கீடு துல்லியமாகச் சமம். ஆனால் "5 வயதில் கிடைத்தது" என்று பார்த்தால் மூத்தவருக்கு 90 நிமிடம், இளையவருக்கு 75.

ஜோசப் பிரைஸ் 2008-இல் அமெரிக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கண்டது இதைத்தான். ஒரே வயது, ஒத்த குடும்பம் என்று வைத்து ஒப்பிட்டால், முதல் பிள்ளைக்கு இரண்டாவது பிள்ளையைவிட ஒரு நாளைக்கு 20 முதல் 30 நிமிடம் வரை பெற்றோரின் நல்ல நேரம் கூடுதல். நல்ல நேரம் என்றால் சேர்ந்து வாசிப்பது, விளையாடுவது, பேசுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது போன்றவை. ஒரே அறையில் தொலைக்காட்சி பார்த்தது அதில் சேராது.

ஆகவே புள்ளிக்கோலம், உங்கள் நாட்குறிப்பை "ஒரே நாளில் மூத்தவருக்கு எவ்வளவு, இளையவருக்கு எவ்வளவு" என்று ஒப்பிட்டால் சமம் என்றே வரும். சில வீடுகளில் இளையவருக்குக் கூடக் கிடைக்கும், சின்னப் பிள்ளைக்கு அதிகம் தேவை என்பதால். அதே வயதில் ஒப்பிட வேண்டும். ஒருநாள் நாட்குறிப்பு என்பதால் ஒரே வீட்டுக்குள் அது முடியாது. ஒரு வீட்டின் 5 வயது மூத்தவரை, அதே அளவும் அதே இடைவெளியும் உள்ள வேறொரு வீட்டின் 5 வயது இளையவரோடுதான் ஒப்பிட முடியும். சேர்ந்து இருந்த நேரத்தை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்து எழுதி வையுங்கள். ஒரு கதையை மூன்று பேருக்கும் சேர்த்து அரை மணி வாசித்தால் ஆளுக்கு 30 நிமிடமா, 10 நிமிடமா? இரண்டு விதத்திலும் கணக்குப் போட்டு இரண்டையும் காட்டுவதே நேர்மை. முடிவு தலைகீழாகக்கூட மாறலாம்.

நடுப்பிள்ளை விவகாரத்துக்கும் இதே கணக்குதான். மூன்று பிள்ளைகள், மூன்று மூன்று வருட இடைவெளி, ஒவ்வொருவரும் 18 வயது வரை வீட்டில். பெற்றோரின் ஒரு வருட முழுக் கவனத்தை 1 என்று வைத்துச் சமமாகப் பிரிப்போம். இங்கே மொத்த நேரம் குறையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர்: தனியாக 3 வருடம் = 3. இருவராக 3 வருடம் = 1.5. மூவராக 12 வருடம் = 4. கூட்டினால் 8.5.
நடுப்பிள்ளை: இருவராக 3 வருடம் = 1.5. மூவராக 12 = 4. மூத்தவர் கிளம்பிய பிறகு இருவராக 3 = 1.5. கூட்டினால் 7.
கடைசி: மூவராக 12 = 4. இருவராக 3 = 1.5. தனியாக 3 = 3. கூட்டினால் 8.5.

யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. நடுப்பிள்ளைக்கு மட்டும் பெற்றோர் தனக்கே தனக்கு என்றிருந்த காலம் ஒன்று கூட வாய்க்கவில்லை, அவ்வளவுதான். ரால்ப் ஹெர்ட்விக், ஜெனிஃபர் டேவிஸ், ஃபிராங்க் சல்லோவே 2002-இல் இந்த வாதத்தை விரிவாக வைத்தார்கள்: சமப் பங்கு என்ற எளிய விதியே சமமற்ற மொத்தத்தைத் தரும்.

மூத்தவருக்கும் கடைசிக்கும் ஒரே 8.5 தானே என்று விட்டுவிட முடியாது. மூத்தவரின் தனிக்காலம் 0 முதல் 3 வயது வரை. கடைசியின் தனிக்காலம் 15 முதல் 18. மொழி முளைக்கிற வயதில் கிடைக்கும் மூன்று வருடமும், கதவைச் சாத்திக்கொள்கிற வயதில் கிடைக்கும் மூன்று வருடமும் ஒன்றா? மொத்த நேரம் காலப்போக்கில் குறைவதையும் சேர்த்தால் கடைசியின் 8.5 இன்னும் கீழே வரும். பணத்தில் மட்டும் கதை வேறு. பெற்றோரின் வருமானம் வயதோடு ஏறும் வீடுகளில் கடைக்குட்டியின் கல்லூரிக் காலம் வசதியான காலத்தில் விழும். நேரத்தையும் பணத்தையும் ஒரே "முதலீடு" என்று கூட்டிவிடாதீர்கள்.

பதில்: நீலக்கால்

மனிதர்களிடம் போவதற்கு முன்னால் பறவைக் கூட்டை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. "பெற்றோர் முதலீடு" என்ற கருத்தை 1972-இல் வரையறுத்தவர் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ். ஒரு குஞ்சு பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டப் பெற்றோர் செய்வது, மற்ற குஞ்சுகளுக்குச் செய்யும் திறனை எவ்வளவு குறைக்கிறதோ அதுவே முதலீடு. உடன்பிறப்பு என்ற விஷயம் வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வரிசையை உண்டாக்குவதே பெற்றோர்தான். பல பறவைகள் கடைசி முட்டை இடும் முன்பே அடைகாக்கத் தொடங்கும். அதனால் குஞ்சுகள் நாள் தள்ளிப் பொரிந்து, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். டேவிட் லாக் 1940-களில் சொன்ன விளக்கம்: இரை அதிகம் கிடைத்தால் எல்லாம் பிழைக்கும், குறைந்தால் கடைக்குட்டி சீக்கிரம் போய்விடும், எல்லாக் குஞ்சும் அரைப்பட்டினியில் சாகாது. நீலக்கால் பூபிப் பறவையில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்தி அடக்கி வைக்கும். ஆனால் தன் எடை இயல்பைவிட ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால்தான் அந்தக் கொத்து உயிருக்கு உலை வைக்கும் அளவுக்குப் போகும். பெற்றோர் பக்கத்திலேயே நிற்கும், விலக்கிவிடாது.

இன்னும் நுட்பமான ஒன்று. உண்ணிக்கொக்கின் முதல் முட்டைகளின் மஞ்சள் கருவில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அதிகம், கடைசி முட்டையில் குறைவு. மூத்ததை மேலும் முரடாக்குகிற ஏற்பாடு. கேனரிக் குருவியில் இது தலைகீழ்: பின்னால் வரும் முட்டைகளில்தான் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல், பிந்திப் பொரிப்பதன் குறையை ஈடுகட்டுவது போல. பொருளாதாரக்காரர்கள் "வலுவானதுக்கே மேலும் போடுவது", "பலவீனமானதை ஈடுகட்டுவது" என்று இரண்டு பெற்றோர் உத்திகளைப் பிரித்து விவாதிக்கிறார்களே, இரண்டுமே இயற்கையில் உண்டு. ஒன்றை மட்டும் "இயல்பு" என்று சொல்லிவிட முடியாது.

புள்ளிக்கோலம்:

அட்டகாசம், எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது கேள்வி இன்னும் தொங்குகிறது. என் தரவில் ஏழைக் குடும்பங்களைத் தனியே எடுத்தால் சில ஊர்களில் இறக்கமே இல்லை, ஏற்றம்கூடத் தெரிகிறது. தாய்ப்பால் மாதங்களும் பிந்தைய பிள்ளைகளுக்குத்தான் அதிகம். தரவில் ஏதாவது கோளாறா?

பதில்: சல்லடை

கோளாறு என்று சொல்ல மாட்டேன். திசை மாறும் என்பது தெரிந்த விஷயம்தான். மோனிக் டி ஹான், எரிக் பிளக், ஹோசே ரொசேரோ 2014-இல் எக்வடோரின் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, மூத்த பிள்ளைகள்தான் பின்தங்கியிருந்தார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து வளரிளம் பருவம் வரை அதே போக்கு. மூத்தவர் வேலைக்குப் போகிறார் அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார். பின்னால் வந்தவர் பள்ளிக்குப் போகிறார். தைவானில் பாரிஷும் வில்லிஸும் 1993-இல் கண்டதும் இதே சாயல்தான்: அக்கா சீக்கிரம் படிப்பை நிறுத்திக் கல்யாணம் ஆகிப் போனதில் தம்பி தங்கைகள் பலன் பெற்றார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்க வழியில்லாத வீட்டில் முதல் பிள்ளையின் உழைப்புதான் கடன்.

ஆகவே வரிசையை மட்டும் போடாமல், வரிசை × வசதி என்ற பெருக்கல் மாறியையும், வரிசை × பாலினத்தையும் போடுங்கள். ஒரு கூட்டத்தின் ஏற்றமும் இன்னொரு கூட்டத்தின் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் சராசரியில் பூஜ்யம் வரும், ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

தாய்ப்பாலுக்குத் தனி விளக்கம் உண்டு. சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குசீம்கோவும் 2011-இல் இந்தியத் தரவில் காட்டினார்கள்: அடுத்த பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் தாய் பாலைச் சீக்கிரம் நிறுத்துகிறார், இனி வேண்டாம் என்றால் நீட்டிக்கிறார். அதனால் வரிசை ஏற ஏறத் தாய்ப்பால் காலமும் ஏறும். ஆண் பிள்ளை இன்னும் பிறக்காத வீட்டில் பெண் குழந்தைக்குத்தான் இது அதிகம் குறையும். முதலீடு செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், அடுத்த கருவைப் பற்றிய முடிவிலிருந்து வழிந்து வரும் வேறுபாடு இது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. பின்னால் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பால் கொடுப்பது குறைகிறது. ஒரே மாறி இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும்.

உயரத்திலும் இதே ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டேயுடன் 2017-இல் எழுதியதைப் பாருங்கள். இந்தியக் குழந்தைகளைச் சகாராவுக்குத் தெற்கே உள்ள 25 ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், முதல் பிள்ளைகளில் இந்தியர்கள் குட்டையாக இல்லை. குறை இரண்டாவது பிள்ளையில் தொடங்கி வரிசையோடு ஏறுகிறது. மூத்த மகன் மேல் உள்ள பிடிப்பைக் காரணமாக அவர்கள் வைக்கிறார்கள். இந்த இடத்தில் "மகன் பிறந்ததும் நிறுத்தும்" வீடுகளைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட வீடுகளில் கடைசிப் பிள்ளை ஆணாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பெண் பிள்ளைகள் சராசரியாகப் பெரிய குடும்பங்களில் வளர்வார்கள். பாலினத்தை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்தால் கடைக்குட்டிச் சலுகை என்று தோன்றுவது மகன் சலுகையாக இருக்கும்.

பதில்: மணல்கடிகாரம்

இடைவெளியையும் தனி மாறியாகவே வையுங்கள், வரிசையைப் பிரித்துக் காட்டும் கருவியாக மட்டும் பார்க்க வேண்டாம். கேசி பக்கிள்ஸும் எலிசபெத் மன்னிச்சும் 2012-இல் கண்டது: இடைவெளி ஒரு வருடம் கூடினால் மூத்தவரின் வாசிப்பு மதிப்பெண் சுமார் 0.17 திட்டவிலக்கம் ஏறுகிறது. இளையவரிடம் அப்படி ஒன்றும் இல்லை. நான் மேலே போட்ட கணக்கோடு பொருந்தும், தனிக்காலம் நீளுவது மூத்தவருக்குத்தான். உடல்நலத்துக்காக உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு 24 மாதமாவது விடவேண்டும் என்பது. பிரசவத்திலிருந்து பிரசவம் என்று எண்ணினால் 33 மாதம். தரவில் நீங்கள் வைத்திருப்பது இரண்டாவது வகை எண். 24-ஐ அதன்மேல் அப்படியே வெட்டுக்கோடாக வைக்காதீர்கள்.

எல்லா இறக்கத்தையும் நேரத்தின் தலையில் போடவும் வேண்டாம். ஜோசப் ஹாட்ஸும் யுவான் பன்டானோவும் 2015-இல் கண்டிப்பைப் பார்த்தார்கள். மதிப்பெண் குறைந்தால் மூத்தவரிடம் பெற்றோர் கறாராக இருக்கிறார்கள், தம்பி தங்கைகள் பார்த்துப் பயப்படட்டும் என்று. கடைசிப் பிள்ளையிடம் கறாராக இருந்து யாருக்குக் காட்டுவது? கேள்வித்தாளில் வீட்டு விதிகள், தண்டனை பற்றி ஏதாவது இருந்தால் அதையும் வரிசையோடு ஓட்டிப் பாருங்கள்.

புள்ளிக்கோலம்:

கடைசியாக ஒன்று. குழந்தையிலேயே இறந்துபோன பிள்ளைகளை வரிசையில் எண்ணுவதா, விட்டுவிடுவதா? இரட்டையர்களுக்கு என்ன எண்?

பதில்: சல்லடை

இரண்டு தனித்தனி மாறி வையுங்கள். பிறந்த வரிசை ஒன்று, வீட்டில் வளர்ந்த வரிசை ஒன்று. நார்வேயில் பெட்டர் கிரிஸ்டென்சனும் டோர் பியர்கெடாலும் 2007-இல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ராணுவச் சேர்க்கையாளர்களின் நுண்ணறிவுத் தேர்வை எடுத்து இதைத்தான் செய்தார்கள். முதல், இரண்டாம் பிள்ளைகளுக்கிடையே இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம். ஆனால் அண்ணனோ அக்காவோ குழந்தையிலேயே இறந்துபோய், மூத்தவராக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகள் முதல் பிள்ளைகளைப் போலவே எழுதியிருந்தார்கள். கருப்பையில் எத்தனையாவது என்பதைவிட வீட்டில் எத்தனையாவது என்பதே பேசியது. இரண்டு மூன்று புள்ளி என்பது பெருங்கூட்டத்தின் சராசரியில் தெரியும் அளவு. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. குணத்தில் அதுவும் இல்லை. ஜூலியா ரோரர், போரிஸ் எக்லாஃப், ஸ்டெஃபான் ஷ்முக்லே 2015-இல் மூன்று நாடுகளின் 20,000-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்தும் "மூத்தவர் பொறுப்பானவர், இளையவர் கலகக்காரர்" வகைக் கதைகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இரட்டையர் இருவருக்கும் ஒரே வரிசை எண், அடுத்தவருக்கு ஒன்றைத் தாண்டி. இரண்டாவது பிரசவம் இரட்டை என்றால் 1, 2, 2, 4. முதல் ஓட்டத்தில் இரட்டையர் உள்ள வீடுகளை விலக்கிவிட்டு, பிறகு சேர்த்து, முடிவு அசைகிறதா பாருங்கள். தாய் ஒருவர், தந்தை வேறு என்றிருக்கும் பிள்ளைகளுக்குத் தாய்வழி வரிசை, தந்தைவழி வரிசை என்று இரண்டு எண் வரும். உங்கள் பட்டியல் தாய்வாரியானது என்பதால் தந்தையின் நேரத்தைக் கணக்கிடும்போது அந்த வீடுகளைத் தனியே குறியிட்டு வையுங்கள்.